ஏழு புள்ளி இரண்டு

1

போன சனிக்கிழமை காலையிலிருந்து மாலை வரை என் மகள் ஏழு புள்ளி இரண்டாக இருந்தாள்.

ஊர்க் கணக்கில் அது நூற்று முப்பது. இங்கே நெதர்லாந்தில் இரத்தச் சர்க்கரைக்கு அலகு வேறு. பதினெட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஏழு புள்ளி இரண்டு நல்ல எண். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சௌமியாவுக்கு இந்த வியாதி வந்த நாளிலிருந்து நானும் என் மனைவி வசந்தியும் இப்படி ஓர் எண்ணுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம். அன்று அது வந்தது. வந்து நகராமல் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே நான் நிம்மதியாக இரண்டு டீ குடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

சௌமியாவுக்கு வயது பத்தொன்பது. ஏழு வயதில் அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, இது வேறு. மாத்திரைக்கு அடங்காது, காலம் முழுவதும் ஊசிதான். அளவு கூடினால் பல வருடம் கழித்துக் கேடு. குறைந்தாலோ அன்றைக்கே, அந்த நிமிடமே மயக்கம். ஆளில்லாத அறையில் மயங்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டாம்.

அவள் மேற்கையில் நாணயம் அளவுக்கு ஒரு கருவி ஒட்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எண்ணை அவள் போனுக்கு அனுப்பும். அவள் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறாளோ அவருக்கு இணையம் வழியாக அந்த எண் போகும். அனுமதி என் பெயரில் இருந்தது. நான் அதைச் சமையலறையில் ஒரு பழைய மடிக்கணினியில் பெரிய எழுத்தில் தெரியும்படி வைத்திருந்தேன். வசந்தி தோசையைத் திருப்பிக்கொண்டே “எவ்வளவு?” என்பாள். நிமிர்ந்தால் அவளுக்கே தெரியும் தூரம்தான். இருந்தாலும் கேட்பாள், நான் சொல்வேன். சௌமியா படிப்பதற்காக வடக்கே க்ரோனிங்கன் போன பிறகு எங்கள் வீட்டில் பெரும்பாலும் நடக்கும் பேச்சு அவ்வளவுதான்.

2

திருவாரூருக்குத் தெற்கே எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்வது கலா அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவோம். இருபது வருடமாக அவள் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“டேய், நீ அங்க என்னதான்டா வேலை பாக்குற? கேக்குறவங்களுக்கு நான் கம்ப்யூட்டருன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல கேட்டா முழிக்கிறேன்.”

“ஒரு மொழி இருக்குக்கா. அதுக்குப் பாகம் செஞ்சு மாட்டுறேன்.”

“மொழிக்குப் பாகமா? அது என்ன டிராக்டரா?”

“அப்படியே வச்சுக்கயேன். புது மாடல் டிராக்டர் வந்தா பழைய கலப்பை சேராதுல்ல?”

“ஏன் சேராது? வெல்டிங் பட்டறைல குடுத்தா சாயங்காலத்துக்குள்ள சேத்துக் குடுத்துடுவான்.”

“அந்தப் பட்டறைதான் நான்.”

“இதுக்காடா பிளேன் ஏறிப் போன?”

இதைவிடச் சரியாக என் பிழைப்பை யாரும் சொன்னதில்லை. வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். எழுதியவுடன் ஓடும் எளிய கணினி மொழிகள் உண்டு. ஸ்கிரிப்ட் மொழி என்பார்கள். எழுதச் சுகம், ஓட்டத்தில் மெதுவு. ஆகவே கனமான வேலைகளைச் சி மொழியில் எழுதி, கம்பைலர் என்ற மென்பொருளைக் கொண்டு இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி, அந்தத் துண்டை ஸ்கிரிப்ட் மொழியோடு கோத்துவிடுவோம். அந்தத் துண்டின் பெயர் நீட்சி. ஓர் அளவைக் கருவி நிறுவனத்துக்காக நான் பல வருடமாக இப்படி நீட்சிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஸ்கிரிப்ட் மொழியையே யாரோ ஒரு கம்பைலரைக் கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள். அதே கம்பைலரால் கட்டிய நீட்சிதான் அதோடு ஒழுங்காக ஒத்துப்போகும். மொழியின் பழைய பதிப்புக்கு 2008ஆம் வருடக் கம்பைலர், அடுத்ததற்கு 2010, இப்போது வந்திருப்பதற்கு 2015. வாடிக்கையாளர்களோ மூன்றையும் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார்கள். அலுவலகத்தில் என் மேசைக்குக் கீழே மூன்று கணினிப் பெட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பைலர். எட்டு, பத்து, பதினைந்து என்று அட்டை ஒட்டியிருக்கிறேன். பக்கத்து மேசையில் யான் என்றொரு டச்சுக்காரன், என்னைவிட இளையவன். “உன் ஓய்வூதியம் வங்கியில் இல்லை, அந்த மூன்று பெட்டியில்தான் இருக்கிறது” என்பான். நாங்கள் சிரிப்போம். எனக்கு உள்ளூரப் பயமாகவும் இருக்கும்.

கம்பைலர் மாறினால் நீட்சி ஏறவே ஏறாது என்றால்கூடப் பரவாயில்லை. முரட்டு நிறுத்தம் நல்ல நிறுத்தம். எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். சில சமயம் ஏறிவிடும். ஒவ்வொரு கம்பைலரும் தன் சொந்த நூலகத்தோடும் தன் சொந்த நினைவகக் கணக்கோடும் வரும். ஒன்று எடுத்துக் கொடுத்த இடத்தை இன்னொன்று வாங்கித் திருப்பிப் போடப் பார்க்கும். அது யார் கணக்கிலும் இல்லாத இடம். ஆனாலும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில், சாவகாசமாகச் சரியும். அதற்குப் பிறகு நான்தான் ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையால் எனக்கு ஒரு புத்தி படிந்துவிட்டது. எது நின்றாலும், எது பேசாமல் போனாலும், முதலில் நீட்சியைச் சந்தேகிப்பேன்.

3

எங்கள் ஊர் கடைமடை. காவிரி பல கையாகப் பிரிந்து, கை விரல்களாகப் பிரிந்து, விரல் நகமாகத் தேய்ந்து எங்கள் வாய்க்காலில் வந்து முடியும். மேலே எல்லோரும் வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் விட்டு நாளாகியும் எங்களுக்கு வரவில்லை. வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெருவே இறங்கியது. அப்பா, நான், அக்கா, அக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை எல்லோரும் இடுப்பளவு சகதியில் நின்று இழுத்துப் போட்டோம். கரை இரண்டும் பச்சையாக மேடு தட்டிவிட்டது. வாய்க்கால் கண்ணாடி போல ஆனது. தண்ணீர் வரவில்லை. பிறகு யாரோ சைக்கிளில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்: பாலம் கட்டுவதற்காகத் தலைப்பு மதகிலேயே ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அங்கே முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரித்துக்கொண்டு இருந்த கால்களைச் சொறிந்தபடி அப்பா சொன்னது: “சரி, வாய்க்காலாவது சுத்தமாச்சு.”

அதன்பின் கொஞ்ச காலத்தில் எல்லாமே வேகமாக மாறியது. திருவாரூரில் கணக்குப் பட்டம் வாங்கியவர்கள் தஞ்சாவூர் பஸ் ஏறி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார்கள். நானும் போனேன். தஞ்சாவூரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஒப்பந்தத்தில் இங்கே. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்த காலம். அந்தப் பயம்தான் எனக்கு விசா கொடுத்தது. வருடம் பிறந்தது, ஒன்றும் நிற்கவில்லை. நான் மட்டும் இங்கேயே நின்றுவிட்டேன்.

ஜூன் மாதம் வந்தால் இப்போதும் அக்காவிடம் கேட்பேன், “மேட்டூர் தொறந்தாச்சா? குறுவைக்கு நாத்து விட்டாச்சா?”

“நீ இன்னும் எந்தக் காலத்துல இருக்க? பன்னெண்டாந்தேதிங்கறது இப்ப காலண்டர்ல மட்டும்தான் வருது. குறுவை போட்டு எத்தனை வருஷமாச்சு.”

முந்தைய வருடமும் இதையேதான் சொல்லியிருப்பாள். என்னிடம் நிற்பதில்லை.

4

சௌமியாவின் வியாதியைக் கண்டுபிடித்தது ஊரில்தான். கோடை விடுமுறைக்குப் போயிருந்தோம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் பழக்கமில்லை என்றார்கள். மெலிந்தாள். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஒருநாள் காலை அக்கா குளியலறையிலிருந்து வெளியே வந்தவள் என்னைத் தனியாக அழைத்தாள்.

“புள்ள ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதுடா. வண்டியை எடு.”

தஞ்சாவூர் மருத்துவமனையில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். உறவுக்காரர்கள் வந்து, “சின்னப் புள்ளைக்குப் போய் சுகரா?” என்று கேட்டுவிட்டு, கொண்டு வந்த லட்டு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ஒவ்வொரு டப்பாவாக வாங்கி நர்சுகளிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் ஒரு காவல்காரன். இரவில் எழுந்து அவள் விரலைக் குத்திப் பார்ப்பேன். தூக்கத்திலேயே விரலை நீட்டுவாள், எந்த விரல் வலிக்கும், எது வலிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

விரலை நீட்டிய அந்தக் குழந்தை மெல்ல நெதர்லாந்துக்காரி ஆனாள். பள்ளியில் சௌமியா என்று சொல்ல வராமல் மியா என்றார்கள். முதலில் எங்களிடம் வந்து குறைப்பட்டாள். பிறகு அவளே போனை எடுத்து “மியா” என்றாள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் சண்டை என்றால் டச்சுக்குப் போய்விடுவாள். எனக்கு அதில் சண்டை போட வராது.

பதினெட்டு முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து கடிதங்கள் அவள் பெயருக்கு வர ஆரம்பித்தன. நான் தொலைபேசியில் கேட்டால், “மன்னிக்கவும், உங்கள் மகளிடம்தான் பேச முடியும்” என்றார்கள். பதினோரு வருடம் ஒவ்வொரு ஊசியின் அளவையும் அறிந்தவன் நான். ஒரு பிறந்தநாள் கழிந்ததும் யாரோ ஆகிவிட்டேன். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, சட்டம் நல்ல சட்டம்தான். நல்ல சட்டத்தோடு சண்டை போடுவது கூடுதல் அலுப்பு.

அவள் கல்லூரிக்குப் போன முதல் இலையுதிர்காலத்தில் ஒருநாள் எண் சரசரவென்று இறங்கியது. போன் எடுக்கவில்லை. நான் அவள் தங்கியிருக்கும் மாணவர் குடியிருப்பின் காவலரை அழைத்துக் கெஞ்சி, மாற்றுச் சாவியால் கதவைத் திறக்க வைத்துவிட்டேன். உள்ளே அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஆரஞ்சுச் சாறு குடித்தபடி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கதவில் ஓர் ஆண். அவன் பின்னால் மாடி முழுக்க எட்டிப் பார்க்கிற பிள்ளைகள். அன்று மாலை அவள் என்னிடம் கத்தவில்லை. “இனிமே இப்படிப் பண்ணாதீங்கப்பா” என்று தமிழில் சொன்னாள். டச்சில் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

5

போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அன்று பகல் முழுக்க முறை, காலையிலேயே கிளம்பிவிட்டாள். நான் சமையலறையில் உட்கார்ந்து, ஸ்கிரிப்ட் மொழியின் புதிய பதிப்பை வீட்டு மடிக்கணினியில் ஏற்றினேன். அலுவலகத்தில் திங்கட்கிழமை எல்லோரும் அதற்கு மாறுகிறோம்; வீட்டில் ஓர் ஒத்திகை. ஏற்றி முடித்துப் பார்த்தேன். ஏழு புள்ளி இரண்டு.

ஒரு டீ. துணி துவைத்தேன். ஏழு புள்ளி இரண்டு. இன்னொரு டீ. பெண் நன்றாகத் தேறிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். ஏழு புள்ளி இரண்டு. அப்போதுதான் உறைத்தது. உயிரோடிருக்கும் எவர் இரத்தமும் அப்படி நிற்காது. ஒரு வாய் சாப்பிட்டால் ஏறும், மாடிப்படி ஏறினால் இறங்கும். நிற்காது.

அவளை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. வசந்திக்கு அடித்தேன், வேலை நேரத்தில் போன் பெட்டியில் பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன்.

பிறகு நான் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மகள் பதில் சொல்லவில்லை, எண் செத்துக் கிடக்கிறது. வேறு எந்தத் தகப்பனும் ரயில் நிலையத்துக்கு ஓடியிருப்பான். நான் மடிக்கணினியைத் திறந்து பிழைச் செய்தியைப் படித்தேன்.

“நீட்சியை ஏற்ற முடியவில்லை.”

சொல்லப்போனால் எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. தெரிந்த எதிரி. அந்தக் கருவியின் தகவலைப் பிரித்து எண்ணாக்கும் சி நிரலை, இதே வியாதி உள்ள குழந்தையின் தகப்பன் ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்திருந்தார். அதை நீட்சியாகக் கட்டியது நான், 2010 கம்பைலரில். காலையில் ஏற்றிய புதிய பதிப்போ 2015இன் பிள்ளை. சேரவில்லை, அவ்வளவுதான். எண் ஏன் மறையாமல் நின்றது? அதையும் நான்தான் அப்படி எழுதியிருந்தேன். இணையம் அடிக்கடி அறுந்து திரை வெறுமையாகும். அந்த வெறுமையைப் பார்க்கப் பொறுக்காமல், புதிய எண் வராவிட்டால் கடைசியாக வந்ததையே காட்டு என்று வைத்திருந்தேன்.

வீட்டில் 2015 இல்லை. மூல நிரலை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் அலுவலகம் போனேன். சனிக்கிழமை, ஆளில்லை. 'பதினைந்து' பெட்டியை எழுப்பினேன். கம்பைலரைக் காணவில்லை என்றது. அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். கட்டியது. வீட்டுக்கு வந்து போட்டால் ஏறவில்லை. வீட்டில் இருப்பது அறுபத்து நான்கு பிட், நான் அவசரத்தில் முப்பத்திரண்டுக்குக் கட்டியிருக்கிறேன். மறுபடியும் சைக்கிள். மறுபடியும் கட்டல். சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் சௌமியாவுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீட்சி ஏறட்டும், எண் வரட்டும், எண் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மாலை ஐந்து மணி போல நீட்சி ஏறியது. பிழை ஒன்றும் இல்லை. என் வேலையில் அது அழகான கணம். திரையின் அடியில் ஒரே ஒரு வரி வந்தது.

“பகிர்வு நிறுத்தப்பட்டுள்ளது. நிறுத்தியவர்: உரிமையாளர்.”

அதைப் பலமுறை படித்தேன். உரிமையாளர் என்றால் சௌமியா.

குடியிருப்பின் காவலரை அழைத்தேன். பதற்றத்தில் என் டச்சு என்னை விட்டுப் போய்விட்டது. எண் நின்றுவிட்டது என்று சொல்ல வந்து, “என் மகள் நின்றுவிட்டாள்” என்றேன்.

“எங்கே நின்றார்?”

“கதவைத் திறந்து பாருங்கள், தயவுசெய்து.”

“ஐயா, போன முறை எனக்கே திட்டு விழுந்தது. உங்கள் மகள் வயது வந்தவர். கதவைத் தட்டுகிறேன், அவ்வளவுதான் முடியும்.” தட்டிவிட்டு வந்து, “பதில் இல்லை” என்றார்.

நான் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வசந்தி உள்ளே வந்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“க்ரோனிங்கன். அவ எடுக்க மாட்டேங்குறா. எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கா.”

வசந்தி கைப்பையைக் கீழே வைக்கவில்லை. “அவ கடல்ல நடக்கப் போயிருக்கா” என்றாள்.

“என்னது?”

“வடக்குக் கடல் ஓரம் தண்ணி வத்துற நேரத்துல சேத்துலயே நடந்து தீவுக்குப் போவாங்களாம், வழிகாட்டியோட. திரும்பறப்ப படகு. காலைல நான் வேலைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி பஸ்லேருந்து பேசினா. போனை பஸ்லயே வச்சுட்டுப் போகணுமாம்.”

“பகிர்வு?”

“அதையும் சொன்னா. நிறுத்திட்டேன், அப்பாகிட்ட நீயே சொல்லிடுன்னா.”

“நீ சொல்லலியே.”

“சொல்லியிருந்தா இந்த ஷூவை நீங்க காலைலயே மாட்டியிருப்பீங்க.”

சொல்லிவிட்டு அவளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துடுவேன்னாளே” என்றாள். அப்போது ஐந்தரை. பையைத் தோளில் மாட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஒற்றைக் கயிறு கட்டிய காலோடு எதிரே உட்கார்ந்தேன். மடிக்கணினி எங்கள் இருவருக்கும் நடுவில் ஏழு புள்ளி இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. வசந்தி எட்டி அதை மூடினாள்.

6

ஆறரைக்குப் போன் வந்தது. பின்னால் காற்றும் கூச்சலும்.

“அப்பா! எத்தனை தடவை அடிச்சிருக்கீங்க! ஃபெம்கே என் போனைப் பாத்துட்டு உங்க வீட்ல யாராவது செத்துட்டாங்களான்னு கேக்கறா.”

ஃபெம்கே அவள் குடியிருப்புத் தோழி. வசந்தி போனை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“ஏன்டி இவ்ளோ நேரம்?”

“படகு லேட்டும்மா, தண்ணி ஏறக் காத்திருந்தோம். அப்பா இருக்காரா? அப்பா, தொடை வரைக்கும் சேறு. ஒரு ஷூ உள்ளயே போயிடுச்சு.”

“சுகர்?” என்றேன்.

காற்றுக்கு மறைவாக எங்கோ ஒதுங்கி நின்று சொன்னாள்.

“பாதி வழில மூணு புள்ளி ஒண்ணு. கழுத்துப் பைல மீட்டர் இருந்துச்சு, குத்திப் பாத்தேன். வழிகாட்டிக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். எல்லாரையும் நிக்க வச்சாரு. நான் குளுக்கோஸ் மாத்திரை சாப்பிட்டேன், பதினஞ்சு நிமிஷம் எல்லாரும் எனக்காகச் சேத்துல நின்னாங்க. ஃபெம்கே பாட்டு பாடினா. அப்புறம் அஞ்சரை வந்துச்சு, நடந்தோம்.”

மூன்று புள்ளி ஒன்று என்றால் ஊர்க் கணக்கில் ஐம்பத்தாறு. நடுக்கடலில், சேற்றில், ஐம்பத்தாறு. நான் அந்த நேரம் சிவப்பு விளக்கில் சைக்கிளோடு நின்றிருப்பேன்.

“அதான் நிறுத்தினேன்பா. அந்த மூணு புள்ளி ஒண்ணை நீங்க பாத்திருந்தா ஹெலிகாப்டர் வந்திருக்கும்.”

வசந்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீங்க என்ன பண்ணீங்க நாள் பூரா?” என்று கேட்டாள் சௌமியா.

“நீட்சியைத் திரும்பக் கட்டினேன். புதுக் கம்பைலர்ல.”

“என்னது?”

“எண் நின்னுடுச்சு. நீட்சி ஏறலை. அதனாலதான்னு நெனச்சேன்.”

“இருங்க இருங்க. நான் போன் எடுக்கலைன்னு நீங்க கம்பைல் பண்ணீங்களா?”

“ஆமா.”

அவள் அதை டச்சில் ஃபெம்கேயிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. கேலியான சிரிப்பு இல்லை, சேற்றில் நடந்து களைத்தவர்களின் சிரிப்பு. சிரித்து முடித்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

“அப்பா, நான் திரும்ப ஆன் பண்ணப் போறதில்ல. ஃபெம்கேவுக்கும் பக்கத்து ரூம் பையனுக்கும் குடுத்திருக்கேன். அவங்க ரெண்டு நிமிஷத்துல வந்துடுவாங்க. நீங்க வர நாலு மணி நேரம் ஆகும்.”

“சரி” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கணக்கு அவள் சொன்னதுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நிரல் எழுதியிருப்பேன்.

7

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே “அய்யய்யோ” என்றாள். சௌமியா நன்றாக இருக்கிறாள் என்று உறுதியானதும் அவள் பாணிக்கு வந்துவிட்டாள்.

“அந்தப் புள்ள மேல ஷட்டரை எறக்கி வச்சிருக்கு. நீ நாள் பூரா கீழ நின்னு ஆகாயத்தாமரை அள்ளியிருக்க. அப்பா புத்தி உன்னை விட்டுப் போகுமா?”

“வாய்க்காலாவது சுத்தமாச்சுக்கா.”

“அதையும் அப்படியே சொல்றான் பாரு.”

அவள் பக்கம் பம்பு செட் ஓடும் சத்தம் கேட்டது. மேட்டூரைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, “இப்ப நிலத்துல என்ன இருக்கு?” என்று கேட்டேன். பருத்தி என்றாள். எங்கள் நிலத்தில் பருத்தி நிற்பது எனக்குத் தெரியாது. “ரெண்டு வருஷமாவே பருத்திதான். நீ நெல்லைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்த, நானும் நெல்லைப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

பேசி முடித்தபின் மடிக்கணினியைத் திறந்தேன். நீட்சி ஒழுங்காக ஏறியிருந்தது. கோளாறு இல்லாத, யாருக்கும் தேவைப்படாத வேலை. அழித்துவிடலாம் என்று நினைத்தேன். மனம் வரவில்லை. பழைய எண்ணைக் காட்டும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். எண் வந்தால் எண்ணைக் காட்டு. வராவிட்டால் ஒரு கோடு போடு. ஏழு புள்ளி இரண்டு மறைந்து, அந்த இடத்தில் ஒரு சிறு கோடு வந்தது. அந்த மடிக்கணினி இதுவரை என்னிடம் சொன்னவற்றில் அதுதான் முழு உண்மை.

செவ்வாய்க்கிழமை சௌமியாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவளுடைய இரண்டு பாதங்கள், நகக்கண்ணில் கறுப்புச் சேறு. சிறுவயதில் ஊருக்குப் போனால் வயலில் கால் வைக்க மாட்டேன் என்று அழுத பாதங்கள். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்: எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை, அத்தையிடம் கேளுங்கள்.

அக்காவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. “தேய்க்க வேணாம்னு சொல்லு. தேங்காண்ணெய் தடவிட்டுச் சும்மா இருக்கட்டும். ரெண்டு நாள்ல தானா போயிடும். புள்ள காலு எங்கம்மா காலு மாதிரியே இருக்குடா.”

அதை அப்படியே சௌமியாவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்க விரல் போனது. கேட்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். நாளைக்குக் கேட்டுவிடுவேனோ என்னவோ.

சமையலறையில் வசந்தி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் திரையின் எதிரே என் வழக்கமான நாற்காலியில் இருந்தேன். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கத்தில் கேட்டாள்:

“எவ்வளவு?”

“தெரியல.”

கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு தோசையைத் திருப்பினாள்.

“சரி, தட்டை எடுத்துட்டு வாங்க.”